பழுதும் பார்ப்பவரும்: வீட்டு விமான சிமுலேட்டரின் நாற்பது ஆண்டுகள்

வீட்டு விமான சிமுலேட்டரின் வரலாறு வழக்கமாகத் திரையை வைத்துத்தான் சொல்லப்படுகிறது. 1980இல் ஆப்பிள் 2 கணினியில் வெறும் கோடுகளாகத் தெரிந்த மலைகள். 1993இல் வந்த மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரின் ஐந்தாம் பதிப்பில் மண்ணும் நீரும் போலத் தோன்றிய பரப்புகள். 2020இல் செயற்கைக்கோள் படங்களிலிருந்து உருவாகி இணையம் வழியே வீட்டுக்குள் வந்து இறங்கிய உலகம். இந்த வரிசையில் தவறில்லை. ஆனால் இந்தப் பொழுதுபோக்கில் ஊறியவர்களின் நேரம் எங்கே கரைந்தது என்று கேட்டால் வேறொரு வரலாறு கிடைக்கும். நேற்றுவரை ஒழுங்காக இருந்த ரடர் பெடல் இன்று ஏன் ஒரு பக்கமாக இழுக்கிறது? காசு கொடுத்து வாங்கிய போயிங் ஏன் த்ராட்டிலை மதிக்க மறுக்கிறது? பறந்து ஒரு மணி நேரம் ஆனதும் ஜாய்ஸ்டிக் ஏன் செத்துப்போகிறது? இவற்றுக்கு விடை தேடியவர்களின் வரலாறு அது. இந்தப் பழுதுகளைத் தயாரிப்பாளரின் அசட்டை என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் பழுதுகளைத் தந்த அதே திறந்த அமைப்புதான் இந்தத் துறையைச் சாகவிடாமல் காத்தது என்றே சான்றுகள் காட்டுகின்றன.

ஒரு தொழிலின் உறுப்புகளை இன்னொரு தொழிலில் பொருத்திப் பார்க்கும் துணிச்சல் இங்கே கணினிக்கு முன்பே இருந்தது. நியூயார்க் மாநிலத்தின் பிங்காம்டனில் எட்வின் லிங்க் 1929இல் கட்டிய பயிற்சி இயந்திரம், அவருடைய தந்தையின் ஆர்கன், பியானோ தொழிற்சாலையில் இருந்த துருத்திகளையும் காற்று வால்வுகளையும் கொண்டு அசைந்தது. முதலில் அதை வாங்கியவை பெரும்பாலும் கேளிக்கைப் பூங்காக்கள். 1934இல் அமெரிக்க ராணுவம் விமானத் தபால் பணியை ஏற்று, மோசமான வானிலையில் விமானிகளைப் பறிகொடுத்த பிறகே ஆறு இயந்திரங்களை, ஒவ்வொன்றும் 3,500 டாலர் விலையில் வாங்கியது. அதற்குப் பின் தொழில்முறைச் சிமுலேட்டர் தனி வழியில் போனது. தயாரிப்பவர் ஒருவர், பராமரிப்பு ஒப்பந்தம் ஒன்று. சான்றளித்த அமைப்புக்குத் தெரியாமல் எதையும் மாற்ற முடியாது. அங்கே பழுது வந்தால் யாரைக் கூப்பிட வேண்டும் என்பதில் ஐயமே இல்லை. வீட்டுச் சிமுலேட்டர் பிறந்த விதமே வேறு. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 1975இல் கணினித் திரையில் பறத்தலைக் காட்டுவது பற்றி ஆய்வேடு எழுதிய புரூஸ் ஆர்ட்விக், பின்னர் சப்லாஜிக் நிறுவனத்தின் வழியாக அதை விற்பனைக்குக் கொண்டுவந்தார். 1982இல் மைக்ரோசாஃப்ட் அதை ஐ.பி.எம். கணினிக்கு வெளியிட்டது. நிலக்காட்சிகளைத் தனி வட்டுகளாக விற்கும் வழக்கம் அந்தப் பத்தாண்டிலேயே தொடங்கிவிட்டது. அதாவது, விற்ற பொருள் முழுமையானதல்ல என்பது தொடக்கத்திலிருந்தே விற்பவருக்கும் வாங்குபவருக்கும் தெரியும்.

அந்த நிரலுக்கு இன்னொரு வேலையும் வாய்த்தது. ஐ.பி.எம். கணினியின் நகல்கள் சந்தைக்கு வந்தபோது, அவை உண்மையிலேயே ஒத்துப்போகின்றனவா என்று சோதிக்க லோட்டஸ் 1-2-3உடன் மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரையும் ஓட்டிப் பார்த்தார்கள். இயங்குதளத்தைத் தாண்டி வன்பொருளை நேராகத் தொட்ட நிரல் என்பதால், நகல் கணினியில் சிறு பிசகு இருந்தாலும் அது காட்டிக்கொடுத்துவிடும். அந்த நெருக்கத்துக்கு ஒரு விலையும் இருந்தது. எங்கோ ஒரு சில்லில் உள்ள வேறுபாடு, பறப்பவரின் கையில் உள்ள ஜாய்ஸ்டிக்கில் வந்து தெரிந்தது.

1981இல் ஐ.பி.எம். கணினியோடு அறிமுகமான கேம் போர்ட் இதற்குத் தெளிவான சான்று. பதினைந்து முனைகள், நான்கு அச்சுகள், நான்கு பொத்தான்கள், அவ்வளவுதான். ஜாய்ஸ்டிக்கினுள் இருந்தது சுமார் 100 கிலோ ஓம் மின்தடைகொண்ட பொட்டென்ஷியோமீட்டர். பிடியின் நிலையை அளந்து எண்ணாகச் சொல்லும் கருவி எதுவும் அந்த அட்டையில் கிடையாது. நிரல் ஒரு சமிக்ஞை கொடுக்கும். மின்தடைக்கு ஏற்ற நேரம் கழித்து ஒரு பிட் விழும். அதுவரை எத்தனை சுற்று ஓடினோம் என்று நிரல் எண்ணிக்கொண்டிருக்க வேண்டும். அந்த எண்ணிக்கைதான் பிடியின் நிலை. கணினி வேகமானால் எண்ணிக்கை மாறும். பொட்டென்ஷியோமீட்டரில் தூசு படிந்தால் எண் துள்ளும். நடுநிலையைக் கணினிக்கு மீண்டும் மீண்டும் கற்றுக்கொடுக்கும் காலிபரேஷன் சடங்கு இங்கிருந்துதான் வந்தது. வேகத்துக்கு ஏற்பத் திருகிச் சரிசெய்யும் கேம் அட்டைகள் தனியாக விற்பனைக்கு வந்தன. சவுண்ட் கார்டிலும் ஒரு கேம் போர்ட் வரத் தொடங்கியதும், ஒரே முகவரியில் இரண்டு போர்ட்டுகள் மோதிக்கொண்டன. பெட்டியைத் திறந்து ஜம்பரைப் பிடுங்குவது பயனாளரின் வேலையானது. அதே நெருக்கடியில்தான் புதுமைகளும் பிறந்தன. நான்கு அச்சுகள் போதாத நிலையில் த்ரஸ்ட்மாஸ்டர் நிறுவனம் தன் த்ராட்டிலைக் கீபோர்டு இணைப்பில் செருகி, விசை அழுத்தங்களைப் போல நடிக்கவைத்தது. சிமுலேட்டரைத் தயாரித்தவரைக் கேட்டு இதைச் செய்யவில்லை. கேட்கவேண்டிய தேவையும் இல்லை.

1996இல் வந்த யூ.எஸ்.பி. இந்தத் தொல்லைகளில் பலவற்றுக்கு முடிவு கட்டியது என்பதை மறுப்பதற்கில்லை. அளக்கும் வேலை கருவிக்குள்ளேயே போனது. பொதுவான தரநிலையைப் பின்பற்றும் ஜாய்ஸ்டிக் எதுவானாலும் தனி டிரைவர் இல்லாமல் வேலை செய்தது. நல்ல பொறியியல் இருந்தால் பழுதே வராது என்பவர்கள் இதைத்தான் முதலில் காட்டுவார்கள். ஆனால் அடுத்து நடந்தது கவனிக்கத்தக்கது. பிடியும் பெடலும் ஒழுங்கானவுடன் மக்கள் ஆட்டோபைலட் பலகை, எண்கள் ஒளிரும் ரேடியோ பலகை, லேண்டிங் கியர் விளக்குகள் என்று கேட்கத் தொடங்கினார்கள். பொத்தானும் அச்சும் கருவியிலிருந்து கணினிக்குச் செய்தி அனுப்புபவை. விளக்கு எரியவேண்டுமானால் விமானத்தின் உள்நிலை கணினியிலிருந்து கருவிக்குத் திரும்பி வரவேண்டும். ஜாய்ஸ்டிக் தரநிலை இந்த எதிர்த்திசைப் பேச்சைத் தானாகத் தீர்த்துவைக்கவில்லை. சிக்கல் தீரவில்லை, எல்லை தள்ளிப்போனது. அந்தப் புதிய எல்லையில் மீண்டும் இரு நிறுவனங்களின் பொருள்கள் சந்தித்தன. நடுவில் நின்று இரண்டுக்கும் பொறுப்பேற்க யாரும் இல்லை.

அந்த நடு இடத்தை நிரப்பியவர்கள் ஆர்வலர்கள். 1990களின் பிற்பகுதியில் ஆடம் ஸோஃப்ரன் என்பவர், சிமுலேட்டரின் நினைவகத்தில் உள்ள வேகம், உயரம் போன்ற எண்களை வெளி நிரல்கள் படிக்க வழிசெய்யும் எஃப்.எஸ்.6.ஐ.பி.சி.யை எழுதினார். அதன் வழிவந்த எஃப்.எஸ்.யூ.ஐ.பி.சி.யை பீட் டவ்சன் பல பதிப்புகளுக்குக் கொண்டுசென்றார். அதன் மேதைமை ஒரு எளிய முடிவில் இருந்தது. மைக்ரோசாஃப்ட் ஒவ்வொரு பதிப்பிலும் உள்ளமைப்பைக் கலைத்துப் போட்டாலும், வெளியிலிருந்து கேட்பவருக்குப் பழைய முகவரிகள் மாறவே கூடாது. 02பி.சி. என்ற முகவரியில் கேட்டால், விமானத்தின் வேகமானி காட்டும் நாட் அளவு 128ஆல் பெருக்கப்பட்டுக் கிடைக்கும்; பதிப்பு மாறினாலும் அப்படித்தான். அந்த 128 இன்று பார்ப்பவருக்கு விசித்திரமாகத் தோன்றலாம். அதை மாற்றாமல் வைத்திருந்ததுதான் சேவை. பழைய பதிப்புக்காக எழுதிய ஒரு கருவிப்பலகை புதிய பதிப்பிலும் ஓடியதற்குக் காரணம், தயாரிப்பாளர் தராத தொடர்ச்சியை வெளியாள் ஒருவர் கொடுத்தார் என்பதே.

2006இல் ஃப்ளைட் சிமுலேட்டரின் எஃப்.எஸ்.எக்ஸ். பதிப்பு வந்தபோது சிம்கனெக்ட் என்ற பெயரில் மைக்ரோசாஃப்டே அதிகாரபூர்வமான வழியைத் திறந்தது. இனி குழப்பம் இருக்காது என்று எதிர்பார்த்தால், குழப்பம் வேறு உருவில் வந்தது. மூல வெளியீட்டுக்கு ஒரு சிம்கனெக்ட், முதல் சர்வீஸ் பேக்குக்கு ஒன்று, இரண்டாவதுக்கு ஒன்று. எந்த ஆட்-ஆன் (வெளியார் சேர்க்கும் துணை நிரல்) எதை எதிர்பார்த்து எழுதப்பட்டதோ அது இல்லாவிட்டால் பேசாது. ஆட்-ஆன்களை ஏற்றும் பட்டியல் ஒரு எக்ஸ்.எம்.எல். கோப்பில் இருந்தது, ஏதோ ஒரு நிறுவல் நிரல் அதில் ஒரு குறியை மூடாமல் விட்டால், அதனோடு தொடர்பே இல்லாத மற்ற ஆட்-ஆன்களும் ஏறாமல் போகும். பி.எம்.டி.ஜி. நிறுவனத்தின் 737 போன்ற நுணுக்கமான விமானங்கள் சிமுலேட்டரின் பொதுவான மாறிகளை விட்டுத் தங்களுக்கென்று தனி மாறிகளை வைத்துக்கொண்டன. அவற்றை வெளியே அறிவிக்கச் சொல்லி ஒரு அமைப்புக் கோப்பில் ஒரு வரி சேர்த்தால்தான் மேசையில் இருக்கும் பலகை அவற்றைக் கேட்கும். 32 பிட் நிரலாகிய எஃப்.எஸ்.எக்ஸுக்கு 4 ஜி.பி. முகவரி வெளிதான். நல்ல விமானம், நல்ல விமான நிலையம், நல்ல மேகங்கள் என்று ஒவ்வொன்றும் தனித்தனியே குற்றமற்றவையாக இருந்தாலும், மூன்றும் சேர்ந்து அந்த வெளியை நிரப்பி, நீண்ட பயணத்தின் முடிவில் தரையிறங்கும் நேரத்தில் நிரலைக் கவிழ்த்தன.

வன்பொருளிலும் இதே கதைதான். மின்சாரத்தை மிச்சம் பிடிப்பதாக நினைத்து விண்டோஸ் யூ.எஸ்.பி. இணைப்பை உறங்கவைக்கும், பயணப் பாதையில் நெடுநேரம் தொடாமல் வைத்த ஜாய்ஸ்டிக், இறங்கும்போது இருக்காது. கருவியை வேறொரு துளையில் செருகினால் அது புதிய கருவியாகப் பதிவாகலாம். எஃப்.எஸ்.எக்ஸ். தானே அச்சுகளை ஒதுக்கும், எஃப்.எஸ்.யூ.ஐ.பி.சி.யும் ஒதுக்கும், ஒரே த்ராட்டிலுக்கு இரண்டு எஜமானர்கள் வந்து எஞ்சின் துடிக்கும். இவற்றைத் தீர்க்க ஒரு முறை உருவானது. எல்லா ஆட்-ஆன்களையும் விலக்கி வெறும் சிமுலேட்டரை ஓட்டு. பிறகு ஒவ்வொன்றாகச் சேர். ஒரு நேரத்தில் ஒரே மாற்றம். கருவி விண்டோஸில் சரியாகத் தெரிகிறதா என்று முதலில் பார், சிமுலேட்டரைப் பிறகு குறை சொல். 2020 பதிப்பில் புதுப்பிப்பு வரும்போதெல்லாம் ஆட்-ஆன்கள் இருக்கும் கம்யூனிட்டி கோப்புறையைக் காலிசெய்து பார்ப்பதும், நிரல் கவிழ்ந்தபின் அதுவே பாதுகாப்பு முறையில் தொடங்க முன்வருவதும் அந்தப் பழைய முறையின் தொடர்ச்சிதான். பயனாளர்கள் கண்டெடுத்த வழிமுறை பொருளின் உள்ளேயே ஏறிவிட்டது.

இவ்வளவு தொல்லை எதற்கு, வாசலை மூடிவிட்டால் என்ன என்ற கேள்வி நியாயமானது. மைக்ரோசாஃப்ட் அதைச் செய்தும் பார்த்தது. எஃப்.எஸ்.எக்ஸை உருவாக்கிய ஏசஸ் ஸ்டுடியோவை 2009இல் மூடியபின், 2012 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் என்ற புதிய நிரலை வெளியிட்டது. எளிமையானது, தொடங்க இலவசம், வெளியார் ஆட்-ஆன்களுக்கு இடமில்லை. அதே ஆண்டு ஜூலையில் அதன் உருவாக்கம் நிறுத்தப்பட்டது. தொடக்கத்தில் ஹவாயைச் சுற்றியே பறக்கவிட்டது, விமானங்கள் குறைவு எனத் தோல்விக்கு வேறு காரணங்களும் உண்டு. மூடிய வாசல் மட்டுமே அதைக் கொன்றது என்று சொன்னால் மிகை. ஆனால் அந்தக் குறைகள் வந்தது ஏன்? முந்தைய பதிப்புகளில் உலகத்தையும் விமானங்களையும் நிரப்பிக்கொண்டிருந்தவர்கள் வெளியே நிறுத்தப்பட்டிருந்தார்கள். அதே காலத்தில், உருவாக்குவோர் கைவிட்ட எஃப்.எஸ்.எக்ஸ். ஆட்-ஆன்களின் பலத்தில் வாழ்ந்து, 2014 இறுதியில் ஸ்டீமில் மறுபடியும் விற்பனைக்கு வந்தது. வெளியாருக்குக் கதவைத் திறந்தே வைத்திருந்த போட்டிச் சிமுலேட்டர் எக்ஸ்-பிளேனும், எஃப்.எஸ்.எக்ஸின் அடித்தளத்தில் லாக்ஹீட் மார்ட்டின் கட்டிய ப்ரிபேர்3டியும் தாக்குப்பிடித்தன. 2020இல் மைக்ரோசாஃப்ட் திரும்பி வந்தபோது சிம்கனெக்ட்டோடும் ஆட்-ஆன்களுக்கான வாசலோடும்தான் வந்தது.

இன்று எக்ஸ்பாக்ஸில் அதே சிமுலேட்டர் இந்தத் தொல்லைகளில் பெரும்பாலானவை இன்றி ஓடுகிறதே என்று சொல்லலாம். ஓடுகிறது, அது போதும் என்பவர் அதைத் தேர்ந்தெடுப்பதே சரி. ஆனால் அந்தச் சந்தையில் விற்கும் விமானங்கள் பலவற்றைச் செய்தவர்கள் கணினியின் திறந்த வெளியில் தொழில் கற்றவர்கள். விளைநிலத்தை வெளியே வைத்துக்கொண்டு களஞ்சியத்தை மட்டும் பார்த்து, நிலமே வேண்டாம் என்று முடிவெடுக்க முடியாது. இதைவிடக் கனமான எதிர்வாதம் ஒன்று உண்டு: இரு நிறுவனங்கள் சேர்ந்து செய்யவேண்டிய வேலையைப் பயனாளர்கள் சம்பளமில்லாமல் செய்கிறார்கள். இது உண்மையான அநீதி, திறந்த அமைப்பைப் புகழ்ந்து அதை மறைக்கக் கூடாது. எஃப்.எஸ்.யூ.ஐ.பி.சி. பின்னர் பதிவுக் கட்டணம் வாங்கத் தொடங்கியபோது முணுமுணுத்தவர்கள், நடுவில் நிற்பவரின் உழைப்புக்கும் ஒரு விலை உண்டு என்பதை ஏற்க மறுத்தார்கள் என்றே சொல்ல வேண்டும்.

முடிவான சான்று, தயாரித்தவர்கள் போனபிறகு எஞ்சியவற்றில் இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் 2003இல் ஜாய்ஸ்டிக் தொழிலை விட்டு விலகியது. ஜாய்ஸ்டிக் தயாரித்த சைடெக் 2007இல் மேட் கேட்ஸிடம் போய், 2016இல் லாஜிடெக்கிடம் விற்கப்பட்டது. விண்டோஸ் விஸ்டா கேம் போர்ட்டையே கைவிட்டது. ஆனாலும் யூ.எஸ்.பி. தரநிலையைப் பின்பற்றிய மைக்ரோசாஃப்டின் சைட்விண்டர் ஃபோர்ஸ் ஃபீட்பேக் 2 ஜாய்ஸ்டிக் விண்டோஸ் 10லும் உயிரோடு இருந்தது. கேம் போர்ட்டோடு செத்திருக்க வேண்டிய அதன் முன்னோடிக்கு ஆர்வலர்கள் ஒரு சிறு மைக்ரோகன்ட்ரோலரை வைத்து யூ.எஸ்.பி. பாலம் கட்டினார்கள். ஆகவே கருவி வாங்கப் போகிறவர் முதலில் கேட்கவேண்டியது, இது இன்று எவ்வளவு சுலபமாக ஓடுகிறது என்பதல்ல. இதைச் செய்த நிறுவனம் நாளை இல்லாமல் போனால், இதன் பேச்சைப் புரிந்துகொள்ள வேறொருவரால் முடியுமா? முடியும் என்ற இடங்களில் பழுது அடிக்கடி வந்தது, பொருளும் நெடுநாள் வாழ்ந்தது.