கூடுதல் நேரமும் விளையாட்டுப் பந்தயமும்

கூடுதல் நேரம் என்பது முறையான ஆட்ட நேரம் முடிந்த பின்னும் வெற்றி தோல்வி தீர்மானமாகாதபோது, முடிவு காண்பதற்காக ஆடப்படும் நேரம் ஆகும். பணம் கட்டி நடைபெறும் பந்தயங்களில் இந்நேரம் கணக்கில் சேருமா என்பதைப் பொறுத்து, ஒரே ஆட்டம் ஒரு பந்தயத்தில் வெற்றியாகவும் மற்றொன்றில் தோல்வியாகவும் அமையக்கூடும்.

காற்பந்து

காயம், ஆள்மாற்றம் முதலியவற்றால் வீணான நேரத்தை ஈடுசெய்ய, நடுவர் ஒவ்வொரு பாதியின் இறுதியிலும் சேர்ப்பது இழப்பீட்டு நேரம் ஆகும். வெளியேற்றச் சுற்றுகளில் 15 நிமிடங்கள் கொண்ட இரு பகுதிகளாக ஆடப்படுவது கூடுதல் நேரம் எனப்படும். '90 நிமிட'ப் பந்தயங்களில் பொதுவாக முன்னது சேரும். பின்னதும் சமன்நீக்கித் தண்ட உதைகளும் சேரா.

எடுத்துக்காட்டாக, 2022 உலகக்கோப்பை இறுதியாட்டம் முறையான நேர முடிவில் 2-2 எனவும், கூடுதல் நேர முடிவில் 3-3 எனவும் சமனானது. தண்ட உதைகளில் அர்ஜென்டினா 4-2 எனப் பிரான்சை வென்றது. 90 நிமிடப் பந்தயத்தில் அர்ஜென்டினா மீது கட்டியவர் தோற்றவராவார். கோப்பையை வெல்வது யார் என்ற பந்தயத்தில் கட்டியவரோ வென்றவராவார்.

துடுப்பாட்டம்

தேர்வுத் துடுப்பாட்டத்தில் சமனை நீக்கும் விதி இல்லை. சென்னை சேப்பாக்கத்தில் 1986 செப்டம்பர் 22 அன்று, ஆத்திரேலியாவுக்கு எதிராக 348 ஓட்டங்களை இலக்காகக் கொண்டு ஆடிய இந்தியா 347 ஓட்டங்களில் அனைத்து இலக்குகளையும் இழந்தது. தேர்வுத் துடுப்பாட்ட வரலாற்றில் இது இரண்டாவது சமன் ஆகும். நேரம் தீர்ந்து முடிவின்றி நிற்கும் ஆட்டம் இதனின்று வேறானது. பந்தய விதிகளும் இவ்விரண்டைத் தனித்தனியே கருதுகின்றன.

இருபது20 ஆட்டங்களில் சமன் ஏற்பட்டால் சூப்பர் ஓவர் வீசப்படும். அதே சேப்பாக்கத்தில் 2010 மார்ச் 21 அன்று சென்னை சூப்பர் கிங்ஸ், கிங்ஸ் இலெவன் பஞ்சாப் அணிகள் தலா 136 ஓட்டங்கள் எடுத்தன. சூப்பர் ஓவரில் பஞ்சாப் வென்றது. ஆட்ட வெற்றியாளர் மீதான பந்தயங்களில் சூப்பர் ஓவர் பெரும்பாலும் சேரும். தனி வீரரின் ஓட்ட எண்ணிக்கையில் சேராது.

சட்ட நிலை

இணையவழிச் சூதாட்டத்தில் பணம் இழந்தோரின் தற்கொலைகளைத் தொடர்ந்து, 2022 இல் நீதிபதி கே. சந்துரு தலைமையிலான குழுவைத் தமிழ்நாடு அரசு அமைத்தது. இணையவழிச் சூதாட்டத்தைத் தடைசெய்யும் சட்டம் 2023 ஏப்ரலில் ஆளுநரின் ஒப்புதலைப் பெற்றது. பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை நாடு முழுவதும் தடைசெய்யும் சட்டத்தை இந்திய நாடாளுமன்றம் 2025 ஆகத்தில் இயற்றியது.

இவற்றையும் பார்க்க
* சூதாட்டம்
* சூப்பர் ஓவர்
* சேப்பாக்கம் அரங்கம்