கராத்தே: எந்தக் 'கரா'?

'தே' என்றால் கை. அதில் குழப்பமில்லை. வழக்கெல்லாம் முன்னால் நிற்கும் 'கரா'வில்தான்.

ஜப்பானியத்தில் 'கரா' என்ற ஒலிக்கு இரண்டு எழுத்துகள் உண்டு. ஒன்று சீனாவின் தாங் அரசமரபைக் குறிப்பது. பொதுவாகச் சீனா என்றே பொருள். மற்றொன்று வெறுமை. கராத்தே பிறந்த ஒகினாவாத் தீவினர் நெடுங்காலம் முதல் எழுத்தைத்தான் எழுதினார்கள். அதைக் கையோடு சேர்த்து 'தோதி' என்று படித்தார்கள். சீனக் கை என்று பொருள். பழைய ஆசான் சாக்குகாவாவுக்கே 'தோதி சாக்குகாவா' என்றுதான் பட்டப்பெயர்.

1905இலேயே ஒகினாவா ஆசான் ஹனாஷிரோ சோமோ 'வெறுமை' எழுத்தைப் பயன்படுத்தினார். மற்றோர் ஆசான் கிச்சின் ஃபுனாகோஷி 1922இல் வெளியிட்ட நூலில் சீன எழுத்தே இருந்தது; 1935இல் வந்த நூலில் அது வெறுமையாகிவிட்டது. 1936 அக்டோபர் 25இல் நாஹா நகரில் கூடிய ஆசான்களும் புதிய எழுத்தை ஏற்றார்கள். வெறுமைக்கு ஜென் தத்துவத்தைக் காரணம் காட்டுவார்கள். அது பொய்யல்ல, ஆனால், சீனாவின் பெயரைச் சுமந்த கலை அன்றைய ஜப்பானில் விலைபோகாது என்பதும் காரணம் என்றே நினைக்கிறேன்.

'வெறுங்கை' என்பதால் ஒகினாவாவில் ஆயுதமே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. போ என்னும் நெடுங்கம்பு, சாய், தொன்ஃபா, நுன்சாக்கு எல்லாம் கொபுதோ என்ற தனிப்பிரிவில் அடங்கும். கம்பு வரிசைகளின் பெயர்களில் 'கொன்' என்ற சொல் வரும். அதற்குப் பொருள் கம்பு. 'சாக்குகாவா நோ கொன்' என்றால் சாக்குகாவாவின் கம்பு. வெறுங்கைக் கலையின் முன்னோடி என்று போற்றப்படுபவரின் பெயரிலேயே கம்பு வரிசையும் இருக்கிறது.

நாஹாவில் ஆசான்கள் கூடிய அந்த அக்டோபர் 25ஐ ஒகினாவா 2005 முதல் கராத்தே நாளாகக் கொண்டாடுகிறது.