மனித முகத்துடன் பொருளாதாரச் சீரமைப்பு

யுனிசெஃப்பிற்காகக் கோர்னியா, ஜாலி, ஸ்டூவர்ட் ஆகிய பொருளியலாளர்கள் 1987-இல் பதிப்பித்த ஆய்வு. 1980-களின் கடன் நெருக்கடியில் அரசுகள் செலவைச் சுருக்கியபோது, அடி குழந்தைகளின் உணவிலும் மருத்துவத்திலும் படிப்பிலும் விழுந்ததை நாடுவாரியாகக் காட்டியது. இந்நாடுகளுள் இலங்கையின் அனுபவம் வேதனையானது. அங்கு 1979-இல் மலிவு அரிசிப் பங்கீட்டுக்குப் பதிலாக உணவு முத்திரைகள் (குறித்த ரூபாய் மதிப்புக்கு உணவு வாங்கும் சீட்டுகள்) வந்தன. முத்திரையின் ரூபாய் மதிப்பு அப்படியே நிற்க, விலைவாசி ஏறியது. சில ஆண்டுகளிலேயே அதன் வாங்கும் திறன் ஏறத்தாழப் பாதியானது. பரம ஏழைகள் உட்கொண்ட கலோரியும் குறைந்தது. சிலியிலோ கடும் பொருளாதார மந்தத்திலும் தாய்சேய் சத்துணவுத் திட்டம் தொடர்ந்ததால் சிசு மரணம் இறங்கியபடியே இருந்தது. குழந்தைகள் படும் பாதிப்புக்குப் பணத்தட்டுப்பாட்டின் மீது மட்டும் பழிபோட முடியாது என்பதற்கு இது வலுவான சான்று. இந்த ஆய்வுக்குப் பின் வந்த 1989 ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 4-ஆம் பிரிவும், குழந்தைகளின் பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகளுக்காகக் கைவசமுள்ள வளங்களின் உச்ச அளவுவரை நடவடிக்கை எடுக்க அரசுகளைக் கடமைப்படுத்துகிறது.