எவராலும் பறிக்க முடியாத சொத்து



2023 ஆம் ஆண்டு, ஐக்கிய அமெரிக்காவின் புகழ்பெற்ற புலிட்சர் பரிசு இசைப் பிரிவில் ‘உமர்’ எனும் இசை நாடகத்துக்கு வழங்கப்பட்டது. அதனை ஆக்கிய ரியானன் கிடென்ஸ், மைக்கல் ஏபல்ஸ் ஆகிய இருவரும் கறுப்பின மரபில் வந்த கலைஞர்கள். இசை பற்றிய மார்க்கத் தீர்ப்பைக் கூறுவது இங்கு எமது நோக்கமன்று. கறுப்பின மக்களின் பெருமையாக அரங்கேறிய அவ்வரலாறு, குர்ஆனைக் கற்ற ஓர் அடிமையின் வரலாறு என்பதே எமது சிந்தனைக்குரியது.

உமர் இப்னு ஸயீத், ஏறத்தாழ 1770 இல், மேற்கு ஆபிரிக்காவின் பூத்தா தோரோ எனும் பிரதேசத்தில் பிறந்தார். இன்றைய செனகல் நாட்டை அண்டிய பகுதி அது. தமது சகோதரர் உட்படப் பல ஆசிரியர்களிடம் அவர் 25 வருடங்கள் கல்வி கற்றார். 1807 இல் அவ்வூரைத் தாக்கிய படையொன்று பலரைக் கொன்று, அவரைச் சிறைப்பிடித்து விற்றது. ஒன்றரை மாதக் கடற்பயணத்தின் பின் தென் கரோலினாவின் சார்ள்ஸ்டன் துறைமுகத்தில் அவர் மீண்டும் விற்கப்பட்டார்.

எண்ணிப் பாருங்கள்! நாடு போயிற்று, குடும்பம் போயிற்று, சுதந்திரமும் போயிற்று. எஞ்சியிருந்தது நெஞ்சில் சுமந்த கல்வி மாத்திரமே.

கொடிய எசமான் ஒருவனிடமிருந்து தப்பியோடிய அவர், வட கரோலினாவின் பாயட்வில் நகரில் பிடிபட்டுச் சிறையிலிடப்பட்டார். அங்கே கரித்துண்டினால் சுவரில் அரபு எழுத்துக்களை அவர் எழுதியதாகவும், மக்கள் திரண்டு வந்து அதனை வியந்து பார்த்ததாகவும் கூறப்படுகிறது. எழுத்தறிவற்றவர்கள் என்று அடிமைகளை இகழ்ந்த சமூகம், தான் வாசிக்கத் தெரியாத எழுத்தின் முன் நின்றது.

1831 இல் அவர் தமது சுயசரிதையை அரபு மொழியில் எழுதினார். அமெரிக்காவில் அடிமையொருவர் அரபியில் எழுதி இன்றும் எஞ்சியிருப்பதாக அறியப்படும் சுயசரிதை அது ஒன்றே. அதன் தொடக்கத்தில் அவர் எழுதியது ஸூரத்துல் முல்க். நம்மில் பலர் உறங்குமுன் ஓதும் அதே அத்தியாயம்! ‘முல்க்’ என்றால் ஆட்சி, உடைமை. மனிதன் ஒருவன் தன்னைச் சொந்தம் கொண்டாடிய நிலையில், ஆட்சியும் உடைமையும் அல்லாஹ்வுக்கே உரியவை எனக் கூறும் அத்தியாயத்தை அவரது பேனா முதலில் எழுதியது. அரபியையும் தாய்மொழியையும் பெரிதும் மறந்துவிட்டதாக வருந்தியவரும் அவரே.

1820 இல் அவர் தேவாலயத்தில் ஞானஸ்நானம் பெற்றதாகப் பதிவுண்டு. அடிமைத்தளையில் இருந்த ஒருவரின் உள்ளத்தை அல்லாஹ்வே நன்கறிந்தவன். ஆயினும் முதுமையிலும் அவரது கரம் குர்ஆன் வசனங்களை எழுதியதற்குக் கையெழுத்துப் பிரதிகள் சான்றாக உள்ளன.

1860களில், அடிமை முறை ஒழிக்கப்படுமுன்னரே, விடுதலை காணாது அவர் மரணித்தார். அவரது சுயசரிதையை அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 2017 இல் பெற்று, 2019 இல் இணையத்தில் உலகுக்கு வழங்கியது. 2022 இல் ‘உமர்’ முதன்முதலாக அரங்கேறிய நகரம் எது தெரியுமா? அவர் விற்கப்பட்ட அதே சார்ள்ஸ்டன்!

பெற்றோர்களே! புலமைப்பரிசில் பரீட்சை நெருங்கியதும் பல வீடுகளில் முதலில் நிறுத்தப்படுவது குர்ஆன் மத்ரஸாதான். பரீட்சையும் அவசியமே, மறுப்பதற்கில்லை. ஆனால், அனைத்தும் பறிபோகும் நாளில் பிள்ளையின் நெஞ்சில் எது எஞ்சியிருக்கும் என்பதையும் சிந்தியுங்கள்.

இளைஞர்களே! கறுப்பினக் கலைஞர்களின் பெயர்கள் உங்களுக்கு நன்கு தெரியும். அவர்களது முன்னோர்களில் பலர் ‘பிஸ்மில்லாஹ்’ கூறிக் கல்வியைத் தொடங்கியவர்கள் என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். நீங்கள் சிறுவயதில் மனனமிட்ட ஸூராக்களை இன்றிரவே ஒருமுறை ஓதிப் பாருங்கள், மறந்தவற்றை மீட்டிக்கொள்ளுங்கள்.

வல்ல அல்லாஹ் நம் உள்ளங்களில் குர்ஆனை நிலைபெறச் செய்வானாக! ஆமீன்.