டாஸ்மேனியாவை மறந்த திரை

விக்டோரியா அரசி அரியணையேறிய அறுபதாம் ஆண்டு விழாவை இங்கிலாந்து கொண்டாடிய 1897இல், எச்.ஜி. வெல்ஸின் 'உலகங்களின் போர்' மாத இதழொன்றில் தொடராக வெளிவந்தது. மறு ஆண்டே நூலாயிற்று. செவ்வாய்க் கோளினர் சர்ரே பகுதியில் வந்திறங்கி, மூன்று கால் கொண்ட பொறிகளில் ஏறி, வெப்பக் கதிராலும் கரும்புகையாலும் ஊர்களை அழித்தவாறு இலண்டனை நெருங்குகின்றனர். கதிரவன் மறையாப் பேரரசின் தலைநகரத்து மக்கள் ஏதிலிகளாய் ஓடுகின்றனர்.

இக்கற்பனையின் வித்து, தமையன் பிராங்க் தந்தது. நூலும் அவருக்கே காணிக்கையாக்கப்பட்டுள்ளது. டாஸ்மேனியப் பழங்குடியினருக்கு ஐரோப்பியர் இழைத்த கொடுமை பற்றிய உரையாடலில் அது முளைத்தது. முதல் இயலிலேயே வெல்ஸ் அவ்வழிவை நினைவூட்டி, செவ்வாயினர் அதே மனப்பாங்குடன் வந்தால் முறையிட நமக்கு என்ன தகுதி உண்டு என்று தம் நாட்டாரைக் கேட்கிறார். (அம்மக்கள் முற்றாக அழிந்தனர் என்ற அக்கால எண்ணம் பிழை, அவர்தம் வழித்தோன்றல்கள் இன்றும் வாழ்கின்றனர்.)

ஜார்ஜ் பால் தயாரிப்பில் பைரன் ஹாஸ்கின் இயக்கிய 1953ஆம் ஆண்டுப் படம் கதையைக் கலிபோர்னியாவுக்குக் கொண்டுசென்றது. முக்கால் பொறிகள் பறக்கும் ஊர்திகளாயின. அணுகுண்டும் அவற்றிடம் தோற்றது. ஆயினும் பெரிய மாற்றம் பாதிரியாரிடத்தே நிகழ்ந்தது. புதினத்தில் அவர் கோழை. இடிந்த வீட்டில் அவர் எழுப்பும் கூச்சலுக்கு அஞ்சி, கதைசொல்லியே அவரை அடித்து வீழ்த்துகிறான். படத்திலோ, மறைநூலை ஏந்திப் பகைவரை எதிர்கொண்டு உயிர்விடும் சான்றோர் அவர். தேவாலயத்தில் மக்கள் மன்றாடும் வேளையில் பகைவர் வீழ்கின்றனர். அவர்களைக் கொன்றவை நுண்ணுயிர்களே; எனினும் காண்போர் மனத்தில் நிற்பது வேண்டுதலின் வெற்றி.

ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் 2005இல் எடுத்த படம் மூன்று கால்களை மீட்டது. நியூ ஜெர்சித் துறைமுகத் தொழிலாளி ஒருவன் உடலெங்கும் சாம்பல் படியத் தப்பி ஓடும் காட்சி, 2001 செப்டம்பரைக் கண்முன் நிறுத்துகிறது. நிலவறையில் அவன் மற்றொருவனைக் கொல்கிறான். கொலை மூடிய கதவுக்குப் பின் நிகழ, நாம் காண்பது கண்கட்டப்பட்ட மகளின் முகத்தை மட்டுமே. வெல்ஸின் கசப்பை மிக நெருங்கிய இடம் இதுவே எனலாம். ஆக்கிரமிப்புகள் என்றும் தோற்கும் என அந்நிலவறை மனிதன் சொல்வதும் உண்டு. ஈராக்கில் அமெரிக்கப் படை நின்றிருந்த ஆண்டு அது. ஆயினும் அச்சொல்லைப் படம் தன் நாட்டின் பக்கம் திருப்பவில்லை.

இரு படங்களும் தொடக்க உரைக்கு வெல்ஸின் முதல் இயலையே நாடுகின்றன. டாஸ்மேனியா பற்றிய பகுதியை மட்டும் இரண்டும் எடுத்துக்கொள்ளவில்லை.