துளைத் தகட்டின் இருபுறமும்

பழைய கத்தோலிக்கக் கோயில்களில் பக்கச் சுவரோரம் ஒரு மரக்கூண்டு நிற்கும். நடுவில் குருவானவர் உட்காரும் இருக்கை. இரு பக்கமும் முழந்தாளிட ஒரு தாழ்ந்த படி. இடையில் துளை போட்ட தகடு, அல்லது கம்பி வலை. பாவசங்கீர்த்தனத் தொட்டி என்று நம் ஊர்க் கிறிஸ்தவர்கள் சொல்வது இதைத்தான். தங்கள் பாவங்களைக் குருவிடம் சொல்லி மன்னிப்புப் பெறும் இடம். கிறிஸ்தவம் தோன்றிய நாளிலிருந்தே இது இருந்துவருவதாகப் பலர் எண்ணுகிறார்கள். ஆனால் இயேசுவின் காலத்துக்கும் இதற்கும் நடுவே 1500 ஆண்டுகளுக்கு மேல் கிடக்கின்றன. இது உருப்பெற்ற ஊர் வட இத்தாலியிலுள்ள மிலான். உருக்கொடுத்தவர் அந்நகரப் பேராயர் சார்லஸ் பொரோமியோ.

கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரிதெந்து பொதுச்சங்கம் 1563-இல் முடிந்தது. அதன் தீர்மானங்களைத் தன் மறைமாவட்டத்தில் எழுத்துக்கு எழுத்து நடைமுறைப்படுத்தியவர் பொரோமியோ. கோயில் கட்டடமும் தட்டுமுட்டுச் சாமான்களும் எப்படி அமைய வேண்டும் என்று 1577-இல் ஒரு நூல் வெளியிட்டார். பீடம் முதல் திருநீர்த்தொட்டி வரை அளவு சொல்லும் அந்நூலில் பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கும் தனி இடம் உண்டு. குருவுக்கும் பாவிக்கும் நடுவே மரத்தடுப்பு இருக்க வேண்டும், தடுப்பின் சன்னலில் சிறு சிறு துளைகளிட்ட இரும்புத் தகடு பொருத்த வேண்டும், தகட்டின்மேல் மெல்லிய துணி தொங்க வேண்டும் என்று விதித்தார். கூண்டைக் கோயிலின் இருட்டு மூலையில் வைக்கக்கூடாது. எல்லார் கண்ணும் படும் இடத்தில்தான் வைக்க வேண்டும்.

இவ்வளவு கவனம் எதற்கு? அதற்கு முன்பு குருவானவர் திறந்த நாற்காலி ஒன்றில் உட்கார்ந்திருப்பார், பாவி அவர் காலடியிலோ பக்கத்திலோ மண்டியிடுவார். பாவத்தைச் சொல்ல வந்த பெண்களிடம் சில குருக்கள் தகாத விதத்தில் நடந்துகொண்டார்கள் என்பது அன்று ஊரறிந்த சங்கதி. 1561-லேயே ஸ்பெயின் நாட்டு விசாரணை மன்றத்துக்கு இப்படிப்பட்ட குருக்களைத் தண்டிக்கும் அதிகாரத்தைத் திருத்தந்தை நான்காம் பத்திநாதர் கொடுத்திருந்தார். சொல் காதுக்குப் போகலாம், கை போகக்கூடாது. இரும்புத் தகட்டின் வேலை அதுதான். பாவியின் வெட்கத்தை மறைக்க எழுந்த கூண்டு என்று பின்னாளில் எண்ணிக்கொண்டோம். அது எழுந்ததன் முதற்காரணம் உள்ளே உட்கார்ந்திருப்பவர்மேல் இருந்த சந்தேகம். இதை மறந்துவிட்டால் கூண்டின் மீதிக் கதை விளங்காது.

அதே மிலானில் பொரோமியோவுக்கு ஏறத்தாழ 1200 ஆண்டுகள் முன்பு ஆயராக இருந்தவர் அம்புரோஸ். 390-இல் தெசலோனிக்கா நகரில் ஒரு கலகம் மூண்டு படைத்தளபதி ஒருவர் கொல்லப்பட்டார். பேரரசர் தியோடோசியஸின் ஆணையால் அந்நகரத்து மக்களைப் படைவீரர்கள் வெட்டிச் சாய்த்தார்கள். இறந்தவர்கள் 7000 பேர் என்று திருச்சபை வரலாற்றாசிரியர் தியோடோரெத் எழுதிவைத்திருக்கிறார். அம்புரோஸ் பேரரசருக்குக் கடிதம் எழுதினார்: நீர் தவம் செய்யும்வரை உம் முன்னிலையில் நான் திருப்பலி நிறைவேற்ற மாட்டேன் என்பது அதன் சாரம். தியோடோசியஸ் அரசச் சின்னங்களைக் களைந்துவிட்டு மக்கள் பார்க்க அழுது தவம் செய்தார். அந்த ஆண்டுக் கிறிஸ்துமஸின்போது நற்கருணைக்கு மீண்டும் சேர்த்துக்கொள்ளப்பட்டார். இடையில் கூண்டு இல்லை, துணி இல்லை. பாவம் ஊரறிந்தது, தவமும் ஊரறிய நடந்தது.

முதல் நூற்றாண்டுகளின் முறை அதுதான். மறுதலிப்பு, கொலை, விபசாரம் போன்ற பெரும்பாவங்களுக்குத் திருமுழுக்குக்குப் பின் ஆயுளில் ஒரே ஒரு தடவைதான் மன்னிப்பு. அதுவும் ஆண்டுக்கணக்கில் கோயில் வாசலில் தவசிகளின் வரிசையில் நின்ற பிறகே. அந்த ஒரு தடவையும் கூடாது என்றவர்கள் இருந்தார்கள். 250-இல் டேசியஸ் பேரரசன் எல்லாரும் தெய்வங்களுக்குப் பலியிட வேண்டும் என்று ஆணையிட்டபோது, உயிருக்குப் பயந்து கிறிஸ்தவர்கள் பலர் பணிந்தார்கள். புயல் ஓய்ந்ததும் திரும்பி வந்து கோயில் கதவைத் தட்டினார்கள். அவர்களைச் சேர்க்கவே கூடாது, அவர்களை மன்னிக்கும் அதிகாரம் திருச்சபைக்கு இல்லை என்றார் ரோமைக் குரு நோவேஷியன். தவம் செய்தால் சேர்க்கலாம் என்றார் கார்த்தேஜ் ஆயர் சிப்ரியான். திருச்சபை சிப்ரியானின் பக்கம் நின்றது. 325-இல் நிசேயா சங்கம் இன்னும் ஓர் அடி போய், சாகக் கிடப்பவருக்கு நற்கருணையை மறுக்கக்கூடாது என்று விதித்தது.

ஆனாலும் ஒரே தடவை என்ற விதி மக்களை வாட்டியது. பலர் திருமுழுக்கையே சாகுந்தருணம்வரை தள்ளிப்போட்டார்கள். கான்ஸ்டன்டைன் பேரரசர் 337-இல் மரணப்படுக்கையில்தான் திருமுழுக்குப் பெற்றார். மன்னிப்பை அரிதாக்கினால் மனிதர் நல்லவர் ஆவதில்லை, தந்திரம் செய்யத்தான் கற்றுக்கொள்கிறார்கள்.

இந்த முடிச்சை அவிழ்த்தவர்கள் அயர்லாந்துத் துறவிகள். 6-ஆம் நூற்றாண்டிலிருந்து அவர்கள் பாவத்தைத் தனியாகக் கேட்டார்கள், எத்தனை தடவை வந்தாலும் கேட்டார்கள். இன்ன பாவத்துக்கு இத்தனை நாள் அப்பமும் தண்ணீரும் மட்டும் என்று அபராத அட்டவணைகள் எழுதினார்கள். தோலேதோ சங்கம் 589-இல் இந்தத் திரும்பத் திரும்ப மன்னிக்கும் பழக்கத்தைக் கடுமையாகக் கண்டித்தது. கண்டனம் எடுபடவில்லை, பழக்கம் நிலைத்தது. 1215-இல் நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம் புத்தி விவரம் தெரிந்த ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒரு தடவையாவது பாவசங்கீர்த்தனம் செய்தாக வேண்டும் என்று கட்டாயமாக்கியது. கேட்ட பாவத்தை வெளியே சொல்லும் குருவைப் பதவிநீக்கி, ஆயுள் முழுவதும் தவம் செய்ய மடத்தில் அடைக்க வேண்டும் என்றும் அதே விதி சொல்லிற்று. தெருவில் நடந்த தவம் இரண்டு பேருக்கு இடையிலான முணுமுணுப்பாகிவிட்டது. அந்த முணுமுணுப்புக்குத்தான் பொரோமியோ சட்டம் போட்டு மரம் அறுத்தார்.

கூண்டு வேகமாகப் பரவியது. 1614-இல் வந்த ரோமை வழிபாட்டு நூல் துளைத் தகட்டை விதியாக்கியது. பிளாண்டர்ஸ் சிற்பிகள் வானதூதர்களையும் அழும் மகதலேனாவையும் கூண்டுகளின் தூண்களில் செதுக்கினார்கள். கத்தோலிக்கத் திருச்சபையிலிருந்து பிரிந்த சீர்திருத்தவாதி லூத்தரும் தனிப் பாவ அறிக்கையைத் தூக்கி எறியவில்லை. லூத்தரன் கோயில்களிலும் பாவ அறிக்கை நாற்காலிகள் நெடுங்காலம் இருந்தன.

தமிழுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. பொரோமியோவின் நூல் வெளிவந்த மூன்றாம் ஆண்டு, 1580-இல், பாவசங்கீர்த்தனம் செய்வது எப்படி என்று கற்பிக்கும் தமிழ்நூல் ஒன்று கொச்சியில் அச்சாயிற்று. கொம்பெசியொனாயரு என்று பெயர். எழுதியவர் முத்துக்குளித்துறைப் பரதவர் நடுவே வாழ்ந்த இயேசு சபைக் குரு அன்றீக்கு அடிகளார். 1578-இல் கொல்லத்திலும் 1579-இல் கொச்சியிலும் அச்சான தம்பிரான் வணக்கம், கிரிசித்தியானி வணக்கம் ஆகியவற்றை அடுத்து வந்தது இது. தமிழ் எழுத்தில் அச்சேறிய முதல் நூல்களுள் ஒன்று பாவத்தைச் சொல்லும் முறை பற்றியது என்பதை நம் அச்சு வரலாறு பேசுபவர்கள் இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும். ஐரோப்பியக் குருவிடம் தன் குற்றத்தைத் தன் மொழியில் சொல்ல ஒரு மீனவனுக்கு உரிமை உண்டு என்று ஒப்புக்கொண்ட நூல் அது.

சரி, கூண்டுக்குள் எது மன்னிக்கப்படாது? திருச்சபையின் போதனைப்படி, மனம் வருந்துகிறவனை மன்னிக்கக் கடவுளுக்கு எந்தப் பாவமும் பெரிதல்ல. தூய ஆவிக்கு எதிரான பாவம் மன்னிக்கப்படாது என்று மாற்கு நற்செய்தி சொல்வதை, கடைசி மூச்சுவரை மனந்திரும்ப மறுப்பது என்று திருச்சபைத் தந்தை அகுஸ்தீனார் விளக்கினார். திருச்சபை பெரும்பாலும் அந்த விளக்கத்தையே பிடித்துக்கொண்டது. அப்படியென்றால் எல்லை பாவியின் பக்கம் இருக்கிறது.

ஆனால் குருவின் அதிகாரத்துக்கு எல்லைகள் உண்டு. தன்னோடு கற்புக்கு எதிரான பாவத்தில் பங்குகொண்டவரை அதே குரு மன்னித்தால் அந்த மன்னிப்பு செல்லாது என்று 1741-இல் திருத்தந்தை பதினான்காம் ஆசீர்வாதப்பர் விதித்தார். மரண ஆபத்து ஒன்றே விதிவிலக்கு. அந்த விதி இன்றும் சட்டத்தில் இருக்கிறது. அப்படி மன்னிக்கத் துணிகிற குருவின் குற்றமும், பாவசங்கீர்த்தன இரகசியத்தை நேரடியாக உடைக்கும் குற்றமும், நற்கருணையை இழிவுபடுத்துவதும் ரோமைக்கே விடப்பட்ட வழக்குகள். மறுபக்கம், சாகக் கிடப்பவரிடம் குருத்துவத்திலிருந்து விலக்கப்பட்ட குருகூட மன்னிப்புச் சொல்லலாம். நிசேயாவின் இரக்கம் அதில் இன்னும் உயிரோடு இருக்கிறது.

இத்தனை விதிகளிலும் கடவுள் இருக்கிறார், குரு இருக்கிறார், பாவி இருக்கிறான். அடிபட்டவர் எங்கே? கூண்டில் அவருக்கு இடமே இல்லை. தெசலோனிக்காவின் பிணங்களை எல்லாரும் அறிந்திருந்தார்கள். அரசனின் அழுகை அவர்கள் முன்னால் நடந்தது. மரத்தடுப்பு வந்தபின் களவு கொடுத்தவன், அடிவாங்கியவள், சீரழிக்கப்பட்ட பிள்ளை எல்லாரும் வெளியே நிறுத்தப்பட்டார்கள். பீடத்தில் காணிக்கை வைக்குமுன் மனத்தாங்கல் கொண்ட சகோதரனிடம் முதலில் போ என்று மலைப்பொழிவு கேட்கிறது. களவாடியதைத் திருப்பிக் கொடுக்க முடிந்தும் கொடுக்காதவனுக்குப் பாவம் மன்னிக்கப்படாது என்று அகுஸ்தீனாரும் சொன்னார். இந்த ஈடுசெய்யும் கடமை ஏட்டில் மட்டும் கிடக்கவில்லை. அதைக் கத்திபோல் எடுத்துப் பிடித்த ஒருவர் உண்டு.

பர்த்தலோமே தே லாஸ் காசாஸ். அமெரிக்கத் தீவுகளில் அங்குள்ள பூர்வகுடிகளான இந்தியர்களை வேலைக்கு வைத்துப் பிழைத்த ஸ்பானியக் குரு அவர். அதனாலேயே தொமினிக்கன் துறவி ஒருவர் அவருடைய பாவசங்கீர்த்தனத்தைக் கேட்க மறுத்தார். அந்த மறுப்பு அவர் மனத்தில் தைத்தது. 1514-இல் தன்னிடமிருந்த இந்தியர்களை விட்டுக்கொடுத்தார். பின்னாளில் மெக்சிகோவின் சியாப்பாஸ் ஆயராகி 1545-இல் அங்கே போனதும், அடிமைகளை வைத்திருக்கும் ஸ்பானியர்களுக்குப் பாவப்பொறுத்தல் கொடுக்கத் தடைபோட்டார். ஊரே கொதித்தது. அவர் அசையவில்லை. பாவசங்கீர்த்தனம் கேட்கும் குருக்களுக்கு 12 விதிகள் எழுதினார், 1552-இல் செவில் நகரில் அவை அச்சேறின. சாகக் கிடக்கும் கொள்ளைவீரன் பாவத்தைச் சொல்லத் தொடங்குமுன் நோட்டரியைக் கூப்பிட வேண்டும். தன் சொத்து முழுவதையும் இந்தியர்களுக்கு ஈடாகப் பங்கிடக் குருவுக்கு அதிகாரம் கொடுத்து எழுதித்தர வேண்டும். அடிமைகளை அப்போதே விடுவிக்க வேண்டும். எழுதித்தராவிட்டால் பொறுத்தல் இல்லை. படுக்கையருகே முதலில் பத்திரம், அப்புறம்தான் பாவம். கூண்டு வருமுன்பே அடிபட்டவர்களை மன்னிப்பின் நடுவுக்குக் கொண்டுவந்தவர் இவர். கிறிஸ்தவ வரலாற்றில் எனக்கு மிகவும் மதிப்புக்குரிய பக்கம் இது.

கூண்டின் பொற்காலம் 19-ஆம் நூற்றாண்டு. பிரான்சில் ஆர்ஸ் என்ற சின்னக் கிராமத்துப் பங்குக்குரு ஜான் மரிய வியான்னி, 1859-இல் இறக்கும்வரை, சில நாள்களில் 16 மணி நேரம்கூட அதற்குள் உட்கார்ந்திருந்தார். 1910-இல் பத்தாம் பத்திநாதர் ஏழு வயதுப் பிள்ளைகளையும் நற்கருணைக்கு அழைத்ததால் கூண்டு முன் பிள்ளைகளும் வரிசையில் நின்றார்கள். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் 1973-இல் வந்த புதிய முறை முகத்தோடு முகம் பார்த்துப் பேசவும் இடம் கொடுத்தது. மேற்கு நாடுகளில் வரிசை கரைந்தது. ஆனாலும் கூண்டு சாகவில்லை. 2019-இல் பனாமாவில் நடந்த உலக இளைஞர் விழாவுக்கு 250 கூண்டுகள் தேவைப்பட்டன. அவற்றைச் செய்தவர்கள் சிறைக்கைதிகள்.

அதற்குள் பொரோமியோவின் பழைய சந்தேகம் திரும்பிவந்திருந்தது. பிள்ளைகள் மீதான பாலியல் வன்கொடுமையை விசாரித்த ஆஸ்திரேலிய அரச ஆணையம் 2017 டிசம்பரில் இறுதி அறிக்கை தந்தது. பிள்ளைகளின் பாவசங்கீர்த்தனம் திறந்த இடத்தில், வேறொரு பெரியவரின் பார்வையில் நடக்க வேண்டும் என்றது. இது 1577-இல் மிலான் கேட்டதே. இன்னொன்றும் சொன்னது: பிள்ளையைச் சீரழித்தேன் என்று ஒருவன் கூண்டில் சொன்னால், அவன் தானே காவல்துறையிடம் போய்ச் சொல்லும்வரை பொறுத்தலை நிறுத்திவைக்க முடியுமா என்று ரோமையிடம் கேளுங்கள் என்று ஆயர்களுக்குப் பரிந்துரைத்தது. 2020-இல் ரோமையின் பதில் வெளியானது. மனவருத்தம் இருக்கிறதா என்று மட்டுமே குரு பார்க்க வேண்டும், வெளியே செய்யப்போகும் செயலை மன்னிப்புக்கு நிபந்தனையாக்க முடியாது என்றது.

பாவசங்கீர்த்தன இரகசியம் காக்கப்பட வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. குற்றவாளி வாய் திறக்கிற ஒரே இடம் அதுவாக இருக்கலாம். ஆனால் பொறுத்தலைத் தள்ளிவைக்கக் குரு எந்த இரகசியத்தையும் உடைக்க வேண்டியதில்லை. லாஸ் காசாஸ் உடைக்கவில்லை. மனவருத்தம் மெய்யானதா என்பதைச் செயலில் கண்டபின் கையை உயர்த்தினார், அவ்வளவுதான். நிலத்தையும் தங்கத்தையும் பறித்தவனிடம் பத்திரம் கேட்ட திருச்சபை, பிள்ளையின் குழந்தைப்பருவத்தைப் பறித்தவனிடம் வெறும் வருத்தத்தை வாங்கிக்கொண்டு அனுப்புவது அநியாயம். ஆயர்கள் அந்த 1552-ஆம் ஆண்டு நூலை எடுத்து மறுபடி வாசிக்க வேண்டும். ஒவ்வொரு குருமடத்திலும் அதைப் பாடமாக வைக்க வேண்டும்.