வன்தட்டும் கச்சேரிக் கணக்கும்

சென்ற மாதம் எனது கணினியின் வன்தட்டு மேசையிலிருந்து தவறி விழுந்தது. திருத்துபவர் அதை இயக்கிக் காதருகே வைத்துக் கேட்டார். 'டிக், டிக்' என்ற ஒலி மட்டுமே வந்தது. கையை விரித்துவிட்டார். நான் பல ஆண்டுகளாகச் சேர்த்த குறிப்புகள் அந்தப் பெட்டிக்குள் இன்னமும் இருக்கின்றன. ஆனால் எவராலும் படிக்க இயலாது. அந்தக் கணத்தில் என் நினைவு வன்னிக்குப் போயிற்று.

வன்தட்டினுள் நிமிடத்திற்கு 5,400 அல்லது 7,200 தடவை சுழலும் தட்டின் மேல், தலைமயிரின் தடிப்பில் ஆயிரத்திலொரு பங்கிலும் குறைந்த இடைவெளியில், படிக்கும் முனை மிதக்கிறது. அதிர்ச்சி பட்டால் முனை தட்டை உரசிவிடும். உப்புநீர் புகுந்தால் மின்சுற்றுகள் அரித்துப்போகும். மின்சாரம் திடீரென நின்றால், எழுதப்பட்டுக்கொண்டிருக்கும் கோப்பு பாதியில் சிதையலாம். மின்பிறப்பாக்கிகளை நம்பியே கணினிகளை இயக்கிய வன்னியில், போர்க்காலத்தில் இவை மூன்றுமே அன்றாட அபாயங்கள்.

2008 செப்ரெம்பரில் ஐக்கிய நாடுகள் அமைப்பின் பணியாளர்கள் கிளிநொச்சியிலிருந்து வெளியேறினர். 2009 ஜனவரி 2 ஆம் திகதி கிளிநொச்சியும், ஜனவரி 25 ஆம் திகதி முல்லைத்தீவு நகரும் இராணுவத்தின் வசமாயின. மக்கள் தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு எனப் பெயர்ந்து, இறுதியில் முள்ளிவாய்க்கால் மணலில் ஒதுங்கினர். குழந்தையைத் தோளில் சுமந்து நந்திக்கடல் நீரேரியைக் கடந்தவர்களுக்குக் கணினியைச் சுமக்க ஏது கை? ஏடுகளும் கணினிகளும் ஒவ்வொரு இடப்பெயர்விலும் ஒவ்வொன்றாகக் கைவிடப்பட்டன.

அத்தனை அழிவுக்கும் தப்பி, ஓர் எண் பிழைத்தது. கிளிநொச்சி, முல்லைத்தீவுக் கச்சேரிகளின் பதிவுப்படி, 2008 ஒக்டோபர் தொடக்கத்தில் அவ்விரு மாவட்டங்களிலும் இருந்தோர் 429,059 பேர். ஆனால் 2009 பெப்ரவரியில் அரசாங்கம் போர்ப் பகுதியில் இருப்போர் சுமார் 70,000 பேரே என்று கூறியது. உணவும் மருந்தும் தலைக்கணக்கைக் கொண்டே அனுப்பப்படும் நிலையில், எண்ணைக் குறைப்பது கஞ்சியைக் குறைப்பதாகும்.

2011 ஜனவரியில், மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப் ஆண்டகை, கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் அந்தக் கச்சேரிக் கணக்கையே வைத்தார். அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்துசேர்ந்தோர் 2009 ஜூலை 10 வரை 282,380 பேர். எஞ்சிய 146,679 பேருக்கு என்ன நேர்ந்தது என்று அவர் கேட்டார். இது இறந்தோரின் எண்ணிக்கை அன்று. கணக்கில் வராதோரின் எண்ணிக்கை. அதே ஆண்டு வெளிவந்த ஐ.நா. நிபுணர் குழு அறிக்கை, பொதுமக்கள் 40,000 பேர் வரை இறந்திருக்கக்கூடும் என்பதைத் தள்ளிவிட முடியாது என்றது. 2021 ஏப்ரல் 1 இல் ஆயர் மறைந்தபோதும் அவரது கேள்விக்கு முழுமையான பதில் கிடைத்திருக்கவில்லை.

அந்தக் கேள்வியேனும் எழ முடிந்தது எதனால்? கிராம அலுவலர்களின் குடும்பப் பதிவுகளைக் கூட்டிப் பெற்ற ஒரு தொகை, கச்சேரியின் அலுமாரியோடு நின்றுவிடாமல், வெளியிலும் சென்றிருந்தது. பிரதி இருந்தது, ஆகவே கேள்வி இருந்தது.

1981 இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது சுமார் 97,000 நூல்கள் அழிந்தன. அதன் சாம்பலை உலகம் கண்டது. வன்தட்டின் அழிவோ புகையின்றி நிகழ்வது. 2005 இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்தில், வன்னியில் அச்சான 'வெளிச்சம்' இதழ்களை இன்றும் வாசிக்கலாம். அச்சிட்ட ஊரில் அல்லாது, வேறெங்கோ ஒரு வாசகரின் வீட்டில் ஒரு பிரதி இருந்தாலே போதும், அது மீண்டுவிடும்.

என் குறிப்புகளுக்கு அவ்வாறொரு பிரதி இல்லை. அது என் தவறு. இழப்பும் என்னோடு போகும். ஆயினும் உங்கள் வீட்டில் வன்னியிலிருந்து வந்த ஒரு கடிதமோ, நாட்குறிப்போ, இறுவட்டோ இருக்குமாயின், இன்றே பிரதியெடுத்து வேறொருவரின் கையிலும் கொடுத்துவிடுங்கள். நாளை எவரேனும் கணக்குக் கேட்கும்போது அது தேவைப்படும்.